எரிந்து போனவற்றின் சரித்திரம்

விண்வெளிக் குப்பையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைத்தான் எழுதுகிறார்கள். ஒன்று, மேலே சுற்றிக்கொண்டிருக்கும் துண்டுகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்வது. மற்றது, அவற்றில் ஏதாவது கீழே வந்து யார் தலையிலாவது விழுவது. 1979 ஜூலையில் ஸ்கைலாப் விழப்போகிறது என்று நம் கிராமங்கள்வரை பரவிய பீதி இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. கடைசியில் அது இந்து மகாசமுத்திரத்திலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விழுந்தது. எஸ்பரன்ஸ் என்ற ஊரின் நிர்வாகம், கண்ட இடத்தில் குப்பை போட்ட குற்றத்துக்காக அமெரிக்க விண்வெளி ஸ்தாபனத்துக்கு 400 டாலர் அபராதம் விதித்தது. எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கக்கூடிய விஷயந்தான். ஆனால் ஸ்கைலாபின் எடை 70 டன்னுக்கு மேல். தரையில் பொறுக்கியெடுத்தது அதில் ஒரு சிறு பங்கு. இன்னொரு பங்கு கடலில் மூழ்கியது. மிச்சம் என்ன ஆயிற்று என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: எரிந்துவிட்டது.

எனக்குச் சந்தேகம் இந்தச் சொல்லின் மேல்தான். செயற்கைக்கோள்களின் சரித்திரத்தைப் படிக்கப் படிக்க, இந்த ஒரு வினைமுற்று எவ்வளவு கணக்குகளை முடித்துவைத்திருக்கிறது என்பது ஆச்சரியமாக இருக்கிறது. நம்மிடையே எரிப்பதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. மறுநாள் காடாற்று என்று ஒன்று இருக்கிறது. எலும்பைப் பொறுக்கி, சாம்பலைக் கூட்டி, ஆற்றிலோ கடலிலோ கொண்டுபோய்க் கரைக்கவேண்டும். எரிந்த பிறகும் கையில் ஏதோ மிஞ்சுகிறது என்பது சுடுகாட்டுக்குப் போய்வந்த எவனுக்கும் தெரியும். விண்வெளி யுகத்தின் கணக்கர்கள் மறுநாள் போய்ப் பார்க்கவில்லை. பார்த்த சிலர் கண்டதை எழுதிவைத்திருக்கிறார்கள். அதை யாரும் சரித்திரமாகக் கோக்கவில்லை. மோதல்களையும் விழுந்த துண்டுகளையும் மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, எரிந்தவற்றின் பின்னால் மட்டும் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

தொடக்க நாள் என்று ஒன்று வேண்டுமானால் 1961 ஜூன் 29ஐச் சொல்லலாம். அன்று கேப் கனாவெரலிலிருந்து ட்ரான்சிட் 4ஏ என்ற அமெரிக்கக் கடற்படைச் செயற்கைக்கோள் மேலே போயிற்று. பொலாரிஸ் ஏவுகணைகளைச் சுமந்த நீர்மூழ்கிக் கப்பல்கள் தாம் இருக்கும் இடத்தைச் சரிபார்த்துக்கொள்வதற்காக ஏற்பட்ட வரிசை அது. அதில் ஒரு சின்ன அணுமின்கலம் இருந்தது. புளூட்டோனியம்-238 தானாகவே சிதைந்துகொண்டிருக்கையில் வெளிப்படும் உஷ்ணத்தை மின்சாரமாக மாற்றும் சாதனம். விண்வெளிக்குப் போன முதல் அணுசக்திச் சாதனம் இதுதான். செயற்கைக்கோளை உரிய இடத்தில் இறக்கிவிட்டு, காலியாகச் சுற்றிக்கொண்டிருந்த ராக்கெட்டின் மேலடுக்கு, ஒன்றேகால் மணி நேரம் கழித்து வெடித்தது. கண்காணிக்க முடிந்த துண்டுகள் மட்டும் ஏறத்தாழ 300. சுற்றுப்பாதையில் நிகழ்ந்ததாக அறியப்படும் முதல் சிதறல் அது. துண்டுகளில் கணிசமானவை இன்னும் மேலேதான் இருக்கின்றன. ஆக, மேலே அணுசக்தி போனதும் முதல் குப்பை உண்டானதும் ஒரே நாளில், ஒரே ராக்கெட்டில். ஒரு நாவலாசிரியன் இப்படி எழுதியிருந்தால் செயற்கையாக இருக்கிறது என்று நாமே விமர்சனம் எழுதியிருப்போம்.

இதே வரிசையில் 1960 நவம்பரில் கிளம்பிய ஒன்று பாதி வழியில் அழிக்கப்பட்டு, அதன் துண்டுகள் கூபாவில் விழுந்தன. ஒரு பசு செத்துப்போயிற்று என்று கூபா புகார் செய்தது. விண்வெளியைப் பற்றிய பல புத்தகங்களில் அந்தப் பசு இருக்கிறது. 1964 ஏப்ரல் 21க்கு அந்தப் பசுவுக்குக் கிடைத்த இடம் கூடக் கிடைக்கவில்லை.

அன்று கலிபோர்னியாவின் வான்டன்பர்க் தளத்திலிருந்து கிளம்பிய ட்ரான்சிட் 5பிஎன்-3 சுற்றுப்பாதையை எட்டவில்லை. இந்து மகாசமுத்திரத்துக்கு மேல் காற்று மண்டலத்துக்குள் திரும்பி நுழைந்தது. அதற்குள் இருந்த அணுமின்கலத்துக்கு ஸ்னாப்-9ஏ என்று பெயர். அது தரக்கூடிய மின்சாரம் 25 வாட். ஒரு சிறிய குண்டு பல்பு எரியும். அந்த 25 வாட்டுக்காக அதில் வைத்திருந்தது ஏறத்தாழ ஒரு கிலோ புளூட்டோனியம்-238, கதிரியக்கக் கணக்கில் 17,000 க்யூரி. அது மேலேயே எரிந்து, தூளாகி, உயரக் காற்றில் கலந்துபோயிற்று.

இதை விபத்து என்று எழுதுவதுதான் வழக்கம். ராக்கெட்டைப் பொறுத்தவரை விபத்துதான். மின்கலத்தைப் பொறுத்தவரை விபத்தே இல்லை. அப்படி எரிவதற்கென்றே அது வடிவமைக்கப்பட்டிருந்தது. அன்றைய தர்க்கம் இது: முழுதாகக் கீழே விழுந்தால் ஓரிடத்தில் குவிந்து கிடக்கும், யாராவது எடுத்துவிடுவார்கள், ஆபத்து. மேலேயே தூளாக்கிவிட்டால் உலகத்தின் காற்று முழுவதும் பரவி, எந்த ஓர் இடத்திலும் பொருட்படுத்தக்கூடிய அளவுக்கு இருக்காது. இந்தத் தர்க்கத்தை நான் பரிகசிக்கவில்லை. அதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது, ஒருவித அக்கறைகூட இருக்கிறது. ஆனால் ஓரிடத்தில் கிடந்தால் அந்த இடத்துக்காரன் கேள்வி கேட்பான். எல்லா இடத்திலும் கிடந்தால் கேட்பதற்கு யாருமில்லை என்பதும் அதே தர்க்கத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. தர்க்கத்தை எழுதியவர்கள் இதை நினைத்துத்தான் எழுதினார்கள் என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. நினைக்கவேண்டிய அவசியம் அவர்களுக்கு ஏற்படவில்லை, அவ்வளவுதான்.

சில மாதங்களுக்குப் பின் உயரே அனுப்பிய பலூன்களில் அந்தப் புளூட்டோனியம் அகப்பட்டது. பிறகு மெள்ள மெள்ள இறங்க ஆரம்பித்தது. 1970 வாக்கில் உலகத்தின் பல பாகங்களிலும் மண் எடுத்துச் சோதித்தபோது இரண்டு அரைக்கோளங்களிலும் அது இருந்தது; பெரும்பங்கு தென் அரைக்கோளத்தில். அதுவரை நடந்த அணுகுண்டுச் சோதனைகள் எல்லாம் சேர்ந்து உலகில் பரப்பியிருந்த புளூட்டோனியம்-238ஐ, எரிந்த இந்த ஒரு மின்கலம் ஏறத்தாழ மூன்று மடங்காக்கிவிட்டது. ஒரு தனி மனிதனுக்குக் கிடைத்திருக்கக்கூடிய பங்கு மிகச் சொற்பம். பயமுறுத்துவது என் நோக்கமில்லை. அதன் அரைவாழ்வு சுமார் 88 ஆண்டுகள். அதாவது 1964இல் எரிந்துவிட்டதாகச் சொல்லப்பட்டதில் பாதி 2052 வரைக்கும் அப்படியே இருக்கும். இதைத்தான் சொல்ல வந்தேன். ராக்கெட்டே விடாத நாடுகளின் மண்ணிலும் அது இருக்கிறது. அந்த நாடுகளை யாரும் கேட்கவில்லை, அவையும் ஒன்றும் சொல்லவில்லை.

அமெரிக்கர்கள் இதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள் என்று ஒப்புக்கொள்ளவேண்டும். அதற்குப் பிறகு செய்த மின்கலங்கள் எரியாமல், உடையாமல், முழுதாகக் கீழே வந்து சேரும்படி செய்யப்பட்டன. 1968 மேயில் நிம்பஸ் என்ற வானிலைச் செயற்கைக்கோள் கிளம்பிய உடனேயே அழிக்கப்பட்டபோது, அதன் மின்கலங்கள் கலிபோர்னியாவை ஒட்டிய கடலடியிலிருந்து முழுதாக எடுக்கப்பட்டன. அந்த எரிபொருளையே அடுத்த வருஷம் இன்னொரு நிம்பஸில் உபயோகித்தார்கள். 1970இல் அப்போலோ 13 சந்திரனில் இறங்காமல் திரும்பியபோது அதன் மின்கலம் பசிபிக்கின் டோங்கா ஆழத்தில் விழுந்தது. அது உடைந்ததற்கான அறிகுறி எதுவும் தென்படவில்லை. சிதறடிப்பதைவிடக் குவித்து வைத்திருப்பது பொறுப்பானது என்ற முடிவுக்கு, புளூட்டோனியத்தின் விஷயத்தில் மட்டும், வந்துவிட்டார்கள்.

ருஷ்யர்கள் எதிர்த் திசையில் போனார்கள். 1977 செப்டம்பர் 18 அன்று ஏவப்பட்ட காஸ்மாஸ் 954 கடற்படைக் கப்பல்களை ரேடாரால் வேவு பார்க்கும் செயற்கைக்கோள். ரேடாருக்கு நிறைய மின்சாரம் வேண்டும். அதற்காக உள்ளே ஓர் அணு உலையே இருந்தது, சுமார் 30 கிலோ செறிவூட்டிய யுரேனியத்துடன். வேலை முடிந்ததும் உலையைத் தனியே பிரித்து உயரமான பாதைக்கு அனுப்பிவிடவேண்டும் என்பது ஏற்பாடு. அது நடக்கவில்லை. 1978 ஜனவரி 24 விடிவதற்கு முன் கனடாவின் வடமேற்குப் பிரதேசத்துக்கு மேல் அது காற்றுக்குள் நுழைந்தது. காற்று மண்டலத்தின் அடர்ந்த பகுதியில் உலை எரிந்து அழிந்துபோகும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது என்று மாஸ்கோ தெரிவித்தது.

அது பாதி எரிந்தது. இந்தப் பாதிதான் சரித்திரத்துக்கு முக்கியம். முழுக்க எரிந்திருந்தால் இன்னொரு ஸ்னாப்-9ஏ ஆகியிருக்கும். முழுக்க விழுந்திருந்தால் இன்னொரு ஸ்கைலாப். பாதி எரிந்ததால், கிரேட் ஸ்லேவ் ஏரியிலிருந்து வடகிழக்காக பேக்கர் ஏரி வரை, 600 கிலோமீட்டர் நீளத்துக்கு, பெரிய துண்டுகளும் பொடியும் ஒரு கோடு போட்டதுபோல் பனியில் விழுந்தன. கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து தேடின. அந்த நடவடிக்கைக்குக் 'காலை ஒளி' என்று பெயர் வைத்திருந்தார்கள். உறைந்த தெலான் ஆற்றங்கரையில் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்த ஆறு பேரில் இரண்டு பேர், நாய் பூட்டிய சறுக்கு வண்டியில் போகும்போது, பனிக்கட்டிக்குள் பதிந்திருந்த ஒரு கருகிய உலோகத்தைக் கண்டார்கள். பெரிய துண்டுகளை விமானத்திலிருந்தே கண்டுபிடிக்க முடிந்தது. கஷ்டம் பொடியில். காற்று கொண்டுபோன பொடி தெற்கே, மனிதர்கள் வசிக்கிற ஏரிக்கரையில், டெனே மக்களின் குடியிருப்புகளை ஒட்டி இறங்கியிருந்தது. கடுகிலும் சிறிய துகள்கள். ஒவ்வொன்றாகக் கருவி வைத்துத் தேடி, பனியோடு வெட்டியெடுக்கவேண்டியிருந்தது.

தேடுகிறவர்களுக்கு அது ஆளில்லாத வெற்றுப் பிரதேசம். அதிர்ஷ்டவசமாக யாருமில்லாத இடத்தில் விழுந்தது என்ற வாக்கியம் திரும்பத் திரும்ப எழுதப்பட்டது. கரிபூ மானை வேட்டையாடி, ஏரி மீனைப் பிடித்து உண்ணும் டெனே மக்களுக்கும் இனுயிட் மக்களுக்கும் அது அவர்களுடைய சமையலறை. மான் பாசியைத் தின்கிறது, பாசி காற்றில் வருவதை உறிஞ்சுகிறது, ஆகவே மாமிசத்தைச் சாப்பிடலாமா என்று அவர்கள் கேட்ட கேள்வி சின்னக் கேள்வியில்லை. வானத்தை வெற்றிடம் என்று எண்ணுகிறவன், வடதுருவத்தை ஒட்டிய நிலத்தையும் வெற்றிடம் என்று எண்ணுவதில் எனக்கு ஆச்சரியமில்லை. இரண்டும் ஒரே பார்வைதான்.

1978 அக்டோபர் வரை தேடினார்கள். கிடைத்த உலோகம் 65 கிலோ. உலையின் எரிபொருளில் கிடைத்தது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. கனடாவுக்குச் செலவு 1 கோடியே 40 லட்சம் டாலர் அளவில் ஆயிற்று. 1972ஆம் வருஷத்துப் பொறுப்புடைமை ஒப்பந்தத்தின்படி அது கேட்ட நஷ்டஈடு 60,41,174 டாலர் 70 சென்ட். அந்த 70 சென்ட்டைப் படித்தபோது எனக்கு எஸ்பரன்ஸ் ஊரின் 400 டாலர் ஞாபகம் வந்தது. விழுந்ததற்குச் சென்ட் வரைக்கும் கணக்கு எழுத முடிகிறது. 1981இல் சோவியத் யூனியன் 30 லட்சம் கனடிய டாலர் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தது. விண்வெளியிலிருந்து வந்த ஒரு பொருளுக்காக அந்த ஒப்பந்தத்தின் கீழ் கோரிக்கை வைத்து முடிந்த பெரிய வழக்கு இதுதான். கோரிக்கையில் கனடா பட்ட பாடு வேறு கதை. ஒப்பந்தம் 'சேதம்' என்று சொல்வது உயிருக்கும் உடலுக்கும் சொத்துக்கும் ஏற்படுவதை. யாரும் சாகவில்லை, எந்தக் கட்டடமும் இடியவில்லை. ஆகவே அபாயகரமான கதிரியக்கப் பொருளைக் கொட்டி, நிலத்தை உபயோகத்துக்கு லாயக்கற்றதாக்கியதே சொத்துக்குச் சேதந்தான் என்று வாதாடவேண்டியிருந்தது. காற்றுக்காக யாரும் வாதாடவில்லை. காற்று யாருடைய சொத்து?

மாஸ்கோ இதிலிருந்து கற்ற பாடம், இன்னும் நன்றாக எரியவேண்டும் என்பது. அடுத்து வந்த உலைகளில் எரிபொருள் மையம் மட்டும் தனியே வெளித்தள்ளப்பட்டு எரியும்படி திருத்தினார்கள். 1983 பிப்ரவரி 7 அன்று காஸ்மாஸ் 1402இன் மையம் தென் அட்லாண்டிக்குக்கு மேல் எரிந்தது. ஒரு துண்டும் அகப்படவில்லை, ஒரு நாடும் புகார் செய்யவில்லை. வெற்றி. சில ஆண்டுகள் கழித்து உயரக் காற்றிலிருந்து பிடித்த தூசியில் அதன் யுரேனியத்தை விஞ்ஞானிகள் அடையாளம் கண்டார்கள்.

காஸ்மாஸ் 954 விழுந்த அதே 1978இல்தான் டொனால்ட் கெஸ்லரும் பர்ட்டன் கூர்-பாலேயும் தங்கள் கட்டுரையை வெளியிட்டார்கள். துண்டுகள் மோதித் துண்டுகள் பெருகும், பெருகியவை மீண்டும் மோதும், பூமியைச் சுற்றிக் குப்பையாலான வளையமே உருவாகும் என்ற கணக்கு. இது இப்போது எல்லோருக்கும் தெரிந்த கதை. 2007இல் சீனா தன் பழைய வானிலைச் செயற்கைக்கோளைத் தானே உடைத்தது. 2009இல் ஒரு அமெரிக்கச் செயற்கைக்கோளும் செத்துப்போன ஒரு ருஷ்யச் செயற்கைக்கோளும் சைபீரியாவுக்கு மேல் மோதின. நாமும் விலக்கில்லை. 2001 டிசம்பரில் நம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் ஒன்றின் நான்காம் அடுக்கு வெடித்து 300க்கு மேற்பட்ட துண்டுகளாயிற்று. அதற்குப் பிறகு மிச்ச எரிபொருளை வெளியேற்றிவிடும் வழக்கத்தை நம் பொறியாளர்கள் மேற்கொண்டார்கள். 2019 மார்ச் 27 அன்று இந்தியா தன் செயற்கைக்கோளைத் தானே சுட்டு வீழ்த்தியபோது தரப்பட்ட சமாதானம், 300 கிலோமீட்டர் உயரத்தில்தான் உடைத்தோம், துண்டுகள் சில வாரங்களில் தாமே இறங்கிவிடும் என்பது. இறங்கினால் எரிந்துவிடும். சில துண்டுகள் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கின என்பது இருக்கட்டும். அந்தச் சமாதானத்தின் இலக்கணம் எனக்குப் பரிச்சயமானதாக இருந்தது.

ஏனெனில் கெஸ்லரின் நோய்க்கு உலகம் கண்டுபிடித்த மருந்தும் எரிப்பதுதான். வேலை முடிந்த செயற்கைக்கோளை 25 ஆண்டுகளுக்குள் கீழே இறக்கு என்றார்கள். 2022இல் அமெரிக்க உரிம ஆணையம் அதை 5 ஆண்டுகளாகக் குறைத்தது. இறங்கும்போது தரையில் யாருக்கும் ஆபத்தில்லாமல் முழுக்க எரிந்துபோகிற உலோகங்களாலேயே செய் என்று பொறியாளர்களுக்குப் புதிய விதி. 1964இன் தர்க்கம் அப்படியே திரும்பி வந்திருக்கிறது. புளூட்டோனியத்துக்குப் பதில் அலுமினியம், ஒன்றுக்குப் பதில் ஆயிரக்கணக்கில். 2019 மேயில் ஸ்டார்லிங்க் 60 செயற்கைக்கோள்களை ஒரே தடவையில் ஏவியது. ஒவ்வொன்றின் ஆயுளும் சுமார் 5 ஆண்டுகள் என்பது திட்டம். அதாவது எரிப்பது விபத்துக்கான ஏற்பாடாக இருந்த காலம் போய், வியாபாரத்தின் அன்றாட நடைமுறை ஆகிவிட்டது.

மறுநாள் போய்ப் பார்த்தவர்கள் இப்போதும் உண்டு. 2023இல் அலாஸ்காவிலிருந்து 19 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு விமானத்தைப் பறக்கவிட்டு, அங்குள்ள கந்தக அமிலத் துகள்களை ஒவ்வொன்றாக லேசரால் உடைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று டேனியல் மர்ஃபியும் சகாக்களும் பார்த்தார்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட துகள்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றில் அலுமினியமும் ராக்கெட்டுகளிலிருந்தும் செயற்கைக்கோள்களிலிருந்தும் வந்த மற்ற உலோகங்களும் இருந்தன. நியோபியமும் ஹாஃப்னியமும்கூட அகப்பட்டன. ராக்கெட்டுக்கு வேண்டிய உஷ்ணம் தாங்கும் உலோகக் கலவைகளில் உபயோகமாகிறவை இவை. விண்கற்கள் தினமும் டன் கணக்கில் எரிகின்றனவே, அதோடு இது எம்மாத்திரம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் விண்கல்லில் அலுமினியம் மிகக் குறைவு. செயற்கைக்கோளோ பெரும்பாலும் அலுமினியம். 250 கிலோ எடையுள்ள ஒன்று எரிந்தால் சுமார் 30 கிலோ அலுமினியம் ஆக்ஸைடு நுண்தூசி உண்டாகும், அது ஓசோன் படலத்துக்கு இறங்க 30 ஆண்டுகள்வரை ஆகலாம் என்று 2024இல் ஒரு கணக்கு வந்தது. அந்தத் தூசியின் மேற்பரப்பு, குளோரின் ஓசோனைத் தின்பதற்கு இடம் கொடுக்கும். எவ்வளவு தின்னும் என்பதை இன்னும் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கணக்கு முடிவதற்காக ஏவுதல்கள் காத்திருக்கவில்லை.

சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். 1967 விண்வெளி ஒப்பந்தத்தின் ஒன்பதாவது விதிதான் கிட்டத்தட்ட வருகிறது. அதற்குப் பின்னால் ஒரு சின்னச் சரித்திரம் உண்டு. 1961லும் 1963லும் அமெரிக்க ராணுவம் தன் ரேடியோச் செய்திகளைப் பிரதிபலிக்கச் செய்வதற்காக, கோடிக்கணக்கான நுண்ணிய செப்பு ஊசிகளைச் சுற்றுப்பாதையில் பரப்ப முயன்றது; முதல் தடவை தோற்று, இரண்டாம் தடவை ஜெயித்தது. லவல், ரைல் போன்ற பிரிட்டிஷ் வானசாஸ்திரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். பிறருக்கு இடையூறாகக்கூடிய காரியத்தை முன்கூட்டிக் கலந்தாலோசித்துச் செய்யவேண்டும் என்று அந்த விதியில் இருப்பதற்கு அந்த எதிர்ப்பும் ஒரு காரணம். அதே விதி பூமியின் சுற்றுச்சூழலையும் பேசுகிறது. எதிலிருந்து காப்பதற்காக என்றால், வேற்று உலகங்களிலிருந்து கொண்டுவரப்படும் பொருள்களிலிருந்து. சந்திரனின் மண்ணிலிருந்து பூமிக்குப் பாதுகாப்பு உண்டு. பூமியில் வெட்டியெடுத்து, உருக்கி, மேலே அனுப்பி, காற்றிலே எரிக்கப்படும் அலுமினியம் வேற்று உலகத்துப் பொருளில்லை.

அமெரிக்க ராணுவம் வைத்திருக்கும் செயற்கைக்கோள் பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ஸ்புட்னிக்கிலிருந்து தொடங்கி, திருகாணி அளவு துண்டானாலும் கண்ணில் பட்டுத் தொடர முடிந்தால் எண். கீழே வந்து எரிந்ததும் அந்த வரியில் ஒரு தேதி போடப்படும். அத்துடன் வரி மூடப்படுகிறது. அதற்குப் பிறகு எழுதுவதற்குப் பத்தி கிடையாது. காஸ்மாஸ் 954க்கு எதிரில் 1978 ஜனவரி 24 என்று இருக்கிறது. அதற்கு முன் 1963இல் போன இரண்டு ட்ரான்சிட்டுகள், ஆளுக்கொரு ஸ்னாப்-9ஏ மின்கலத்தோடு, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதால் அவற்றின் வரிகள் திறந்தே இருக்கின்றன. அவற்றின் தங்கையான ட்ரான்சிட் 5பிஎன்-3 சுற்றுப்பாதையை எட்டவேயில்லை. அதனால் அந்தப் பதிவேட்டில் அதற்கு எண்ணே கிடையாது.